மாசாய்க் கடலும் மாசுச் சட்டமும்

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, பாசிர் கூடாங் போகும் வழியில் மாசாய் என்றோர் ஊர் உண்டென்பதை நம் வாசகர்களுட் பலர் அறிவர். தமிழறிந்த ஒருவர் அவ்வூர்ப் பலகையை முதன்முறை படிக்கும்போது சிறிது திடுக்கிடாமல் இருத்தல் அரிது. மாசாய் என்றால் நம் மொழியில் அழுக்காய் என்பதன்றோ பொருள்? ஊர்ப் பெயருக்கும் நம் சொல்லுக்கும் யாதோர் உறவும் இல்லை. ஒலி ஒத்துவிட்டது, அவ்வளவே. ஆயினும் அவ்வூர் ஆறு போய்ச் சேரும் ஜொகூர் நீரிணையின் இன்றைய நிலையை எண்ணுங்கால், பெயரைக் கேலி செய்வதற்கு நமக்கு மனம் வரவில்லை.

இவ்விலக்கியப் பகுதியில் வழக்கமாகக் கதைகளையும் கவிதைகளையும் எடுத்து ஆராய்கிறோம். இவ்வாரம் ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டோம். சட்டம் இலக்கியமாகுமோ என்று கேட்கும் அன்பர்களுக்கு நம் விடை இது: நூலுக்குரிய குற்றங்கள் பத்தென்று நன்னூலார் வகுத்தார். குன்றக் கூறல், மயங்க வைத்தல், சென்று தேய்ந்திறுதல் என்றெல்லாம் நாம் பள்ளியில் நெட்டுருப் போட்டோம். அக்குற்றங்கள் ஒரு நாவலில் இருந்தால் படிப்பவர் கொட்டாவி விடுவார். கேடு அத்துடன் முடிந்தது. ஒரு சட்டத்தில் இருந்தாலோ, அதை ஒருநாளும் படித்திராத மீன்பிடிகாரன் தலையில் அது விடியும். ஆகவே மற்ற நூல்களைக் காட்டிலும் சட்டநூலுக்கே கடுமையான மதிப்புரை வேண்டும். நாம் எடுத்துக்கொண்டது மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ்ப் பிறந்த விதிகளுமாகும்.

சட்டத்துக்கு முன் கடலைப் பார்ப்போம். ஜொகூர் நீரிணை இருபுறமும் திறந்த நீர்வழியாய் இருந்தது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கற்பாலத்தின் வேலை 1919இல் தொடங்கி, 1924 ஜூன் 28ஆம் நாள் அது முறைப்படி திறக்கப்பட்டது. இரயிலும் மோட்டாரும் போக வழி பிறந்தது. நீர் போகும் வழி அடைபட்டது. அன்று முதல் அந்நீரிணை இரண்டு முட்டுச் சந்துகளாயிற்று. மாசாய் ஆறு விழுவது கிழக்குச் சந்தில். தெப்ராவ் ஆறும், பிளெந்தோங் ஆறும், பெரிய ஜொகூர் ஆறும் அப்பக்கமே. அலை ஏறும், அதே வாயில் வழியாகவே இறங்கும். கரையிலிருந்து இறங்கியது எளிதில் வெளியேறாது.

இக்கரையில் இரண்டு வகைத் துயரங்கள் நேர்ந்தன. அவற்றுள் ஒன்றை எல்லாரும் அறிவர். 2019 மார்ச்சு மாதம் பாசிர் கூடாங்கிலுள்ள கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் களவாகக் கொட்டினார்கள். காற்று நஞ்சாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் மயங்கி விழுந்தனர். ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. நாடே கொதித்தது, கொதித்தது நியாயமே.

மற்றொரு துயரம் சத்தமில்லாதது. 2014 பெப்ரவரியில் நீரிணையின் மேற்குப் பகுதியில் கூண்டு மீன்கள் மாண்டன. கார்லோடினியம் என்னும் நுண்பாசி பெருகியதே அதற்குக் காரணமென்று மலேசிய ஆராய்ச்சியாளர்கள் கண்டெழுதினர். அதே காலத்தில் சிங்கப்பூர்ப் பக்கத்தில் 39 பண்ணைகள் ஏறக்குறைய 160 டன் மீனை இழந்தன. மறுவருடம், 2015இல், கிழக்குப் பகுதியில் மீண்டும் பாசி பூத்தது. இம்முறை போனது 500 முதல் 600 டன். கிம் கிம் ஆற்றுக்குக் கொதித்த நாம் இதற்கு என்ன செய்தோம்? சந்தையில் மீன் விலையைப் பற்றி நாலு நாள் பேசினோம். சிலர் தெய்வக் குற்றம் என்றனர். சிலர் தை மாத வெயில் என்றனர்.

தெய்வம் அதில் இல்லை. நடந்தது இன்னதென்று தோட்டத்து வாசகர்களுக்கு விளக்கப் பாடப்புத்தகம் வேண்டியதில்லை. வெளிக்காட்டு வேலை செய்தவர்கள் எல்லாரும் உரமூட்டை சுமந்தவர்கள். செம்பனை மரத்தடியில் உரம் தூவிய மறுநாள் பெருமழை பெய்தால் அவ்வுரம் மரத்துக்குப் போகாது, ஓடைக்குப் போகும் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். அந்த உரம் கடலில் என்ன செய்யும்? நிலத்தில் செய்ததையே செய்யும், பயிரை வளர்க்கும். கடலின் பயிர் பாசி. நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்தால் நுண்பாசி கோடானுகோடியாய்ப் பெருகி நீரே நிறம் மாறும். பகலில் அது பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அதுவே மூச்சு வாங்கும். பெருகியது மடியும், மடிந்தது அடியில் அமிழ்ந்து அழுகும், அழுக வைக்கும் கிருமிகளுக்கும் மூச்சுக்குப் பிராணவாயு வேண்டும். நம் நாட்டு வெதுவெதுப்பான கடல்நீர் லிட்டர் ஒன்றுக்கு 6 மில்லிகிராம் அளவே பிராணவாயுவைத் தாங்கும். அது 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் பிழையா. ஓடக்கூடிய மீன் ஓடிவிடும். கூண்டில் அடைத்த மீனும், சேற்றிலிருக்கும் சிப்பியும் எங்கே ஓடும்?

கடல் பட்டினியால் சாகவில்லை, அளவுக்கு மீறி ஊட்டப்பட்டதால் மூச்சு முட்டிச் சாகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் கிழவிகள் சொன்னதற்கு இதைவிடச் சரியான உதாரணம் கிடைப்பது கடினம். பூசை முடிந்து குடங்குடமாய்ப் பாலை ஆற்றில் ஊற்றும் பக்தர்கள், மூச்சைப் பறிப்பதில் பால் சாக்கடை நீரையும் தோற்கடிக்கும் என்பதை அறிந்தால் கை நடுங்குவார்களோ, மாட்டார்களோ, நாம் அறியோம்.

இது நம் ஊர் விவகாரம் மட்டுமன்று. டயஸ், ரோசன்பெர்க் என்னும் இரு அறிஞர்கள் 2008இல் உலகக் கரையோரங்களைக் கணக்கெடுத்து, 400க்கு மேற்பட்ட இடங்களில் கடல் இவ்வாறு மூச்சற்றிருப்பதாக எழுதினர். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு கொணரும் உரத்தால் மெக்சிகோ வளைகுடாவில் 2017ஆம் ஆண்டுக் கோடையில் மூச்சற்றுக் கிடந்த பரப்பு 22,720 சதுரக் கிலோமீட்டர். ஜொகூர் மாநிலத்தின் பரப்பைவிடப் பெரிது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் வித்தையை ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஹாபர் கண்டு, 1913இல் ஓப்பாவ் நகரில் ஆலை எழுந்த நாள் தொட்டு இது பெருகி வருகிறது. அவ்வித்தையால் கோடிக்கணக்கான வயிறுகள் நிறைந்தன. அதை நாம் மறுப்பவர்கள் அல்லர்.

இனி, சொல்லுக்கு வருவோம். இப்பகுதியின் வேலை அதுதானே. மாசு, கழிவு, நஞ்சு என்னும் மூன்று சொற்களால் இவ்விஷயம் முழுவதையும் பேசிவிடலாம் என்று நம் பத்திரிகைகள் நினைக்கின்றன; நாமும் விலக்கில்லை. நஞ்சு என்றால் நாற வேண்டும், கண் எரிய வேண்டும். கிம் கிம் அவ்வாறு நாறியது. ஆகவே நமக்கு உறைத்தது. நைட்ரஜன் மிகுந்த நீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கக்கூடும். உணவே கேடாவதைச் சொல்ல நம் பேச்சில் சொல் இல்லை. சொல் இல்லாதபோது கோபமும் எழுவதில்லை. இலங்கைப் பள்ளிப் புத்தகங்களில் இதற்கு 'நற்போசணையாக்கம்' என்று பெயர். கிரேக்கச் சொல்லின் முன்பாதிக்கு நன்மை என்பது பொருள். அதை அப்படியே பெயர்த்துவிட்டார்கள். மாணவன் அதைப் படித்துக் கடலுக்கு ஏதோ நல்லது நடக்கிறது என்றல்லவோ எண்ணுவான்? இதுவே மயங்க வைத்தல் என்னும் குற்றம். 'மிகையூட்டம்' என்னும் வேரைக் கொண்டு தமிழ்நாட்டார் ஆக்கிய சொல் எவ்வளவோ மேல்.

கழிவு என்னும் சொல்லோ இதனினும் ஆழமான நோயுடையது. கழிந்தது கழிவு, நம்மை விட்டு நீங்கியது, இனி அதன் பேச்சு வேண்டாம் என்பது அதன் உட்பொருள். முன்னாளில் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னாலிருந்த கக்கூசைச் சுத்தம் செய்யத் தோட்டி என்று ஒருவரை வைத்திருந்தோம். அவர் எடுத்துப் போனார். எங்கே கொண்டு போய்ப் போட்டார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் வரும் வழியில் நிற்கமாட்டோம். அவர் கைத் தண்ணீரை வாங்கமாட்டோம். அவர் பிள்ளைக்குப் பெண் கொடுக்கமாட்டோம். பின்பு குழாய் வந்தது. ஒரு மனிதனை அந்த இழிவிலிருந்து மீட்டது சாத்திரமன்று, வேதமன்று, குழாயே என்பதை நாம் நன்றியோடு சொல்வோம். ஆனால் தோட்டியைப் பாராதிருக்கப் பழகிய கண் குழாயின் மறுமுனையையும் பாராதிருக்கிறது. மனிதன் ஒருவன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிராம் நைட்ரஜனைத் தன் உடலிலிருந்து வெளியேற்றுகிறான். லட்சம் பேர் வாழும் ஓர் ஊர் என்றால் அது நாளொன்றுக்கு ஒரு டன். உயர்ந்த சாதியாரின் நைட்ரஜனுக்கும் தாழ்ந்த சாதியாரின் நைட்ரஜனுக்கும் பாசி வித்தியாசம் பாராட்டுவதில்லை.

சட்டத்தை எழுதியவர்களின் கண்ணும் இதே கண்தான் என்பது நம் குற்றச்சாட்டு.

முதலில் நூலின் குணத்தைச் சொல்லிவிடுகிறோம். குணம் கூறாது குற்றமே கூறுவது திறனாய்வாகாது. இச்சட்டத்தின்கீழ் 1977இல் வந்த செம்பனை ஆலை விதிகள் பாராட்டத்தக்கவை. ஆலையிலிருந்து வரும் பழுப்புநீர் அழுகும்போது எவ்வளவு பிராணவாயுவைத் தின்னும் என்பதற்கு ஓர் அளவு உண்டு, ஆலைக்காரர்கள் 'பி.ஓ.டி.' என்பார்கள். சுத்திகரிக்காத நீரில் அது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் வரை இருக்கும். விதிகள் 1978இல் 5,000 என்று தொடங்கி, படிப்படியாக இறக்கி, 1984இல் 100 என்று கொண்டு வந்து நிறுத்தின. ஆலைகளும் குளங்கள் வெட்டிக் கட்டுப்பட்டன. அக்காலத்தில் ஆற்றோரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் அதற்கு முன்னும் பின்னும் ஆறு எப்படி இருந்தது என்று சொல்லக் கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: ஆலைகளின் உரிமக் கட்டணத்தை, அவை விடும் அழுகுபொருளின் எடையைக் கொண்டு, டன்னுக்கு 10 ரிங்கிட் என்று கணக்கிட்டார்கள். அதாவது, எடை போட இச்சட்டத்துக்குத் தெரியும். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே விதிகளில் நைட்ரஜனுக்குக் கொடுத்த எல்லை என்ன? மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 200 மில்லிகிராம். நேரடியாக மூச்சைத் தின்னும் பொருளை ஐந்தாயிரத்திலிருந்து நூறாக்கியவர்கள், பாசியை வளர்த்து அதன்வழி மூச்சைத் தின்னும் பொருளை இருநூறில் விட்டுவிட்டார்கள். முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைத்த கதையாயிற்று. மற்ற ஆலைகளுக்கு 2009இல் வந்த தொழிற்கழிவுநீர் விதிகளின் அட்டவணையில் பாதரசம் உண்டு, ஈயம் உண்டு, நிறங்கூட உண்டு. அம்மோனிய நைட்ரஜனும் சேர்ந்தது, நல்லதே. பாஸ்பரஸ் அந்த அட்டவணையில் இல்லை. நஞ்சைத் தேடிய கண்ணுக்கு உணவு தென்படவில்லை. இது குன்றக் கூறல்.

அதே 2009இல் வந்த சாக்கடைநீர் விதிகள் ஒருபடி மேல். புதிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அவை பாஸ்பரசுக்கும் எல்லை வைத்தன. ஆனால் ஏரி, குளம் போன்ற அடைபட்ட நீரில் விடுவோருக்கு மட்டும். ஆற்றில் விடுவோருக்குப் பாஸ்பரஸ் எல்லை இல்லை. அம்மோனியாவின் எல்லையும் தளர்ந்தது. ஆறு ஓடும், கொண்டு போய்விடும் என்ற எண்ணம். எங்கே கொண்டு போகும் என்று மாசாய் ஆற்றங்கரையில் நின்று ஒருவர் கேட்டால், அடைபட்ட நீரிணைக்கு என்பதல்லவோ விடை? நூலாசிரியர் அடைபட்ட நீரின் ஆபத்தை அறிந்திருக்கிறார். அந்த அறிவைக் குழாயின் வாயிலிருந்து நாலு மைல் தள்ளிக் கொண்டு செல்ல அவருக்கு மனமில்லை. சென்று தேய்ந்திறுதல் என்பது வேறென்ன?

இவை சில்லறைக் குற்றங்கள். பெருங்குற்றம் அடிப்படையிலேயே இருக்கிறது. மாசுபடுத்தல் என்றால் என்ன என்று இச்சட்டம் பிற்காலத் திருத்தத்தில் கூறும் இலக்கணத்தின் கருத்து இது: விதிகளில் குறித்த நிபந்தனைகளுக்கு மாறாக ஒரு பொருளைச் சூழலில் சேர்ப்பது மாசுபடுத்தல். கூர்ந்து பாருங்கள். கடலுக்குக் கேடு வந்ததா என்பது இங்கே கேள்வியில்லை. விதி மீறப்பட்டதா என்பதே கேள்வி. விதியோ ஒவ்வொரு குழாயின் வாயிலும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று பேசுகிறது. ஓர் ஆலை நாளொன்றுக்கு லட்சம் லிட்டர் நீரை லிட்டருக்கு 20 மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜனோடு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு கிலோ. அத்தகைய ஐம்பது ஆலைகள் வந்தால் நூறு கிலோ. நூறு வந்தால் இருநூறு. ஒவ்வோர் ஆலையும் சட்டத்துக்கு அடங்கிய நல்ல பிள்ளை; ஒருவரும் மாசுபடுத்தவில்லை; மீன் மட்டும் சாகிறது. குழாய்க்குத் தெரிவது தன் வாய். கடலுக்குத் தெரிவது தன் வயிறு. இந்நூலில் வாயைப் பற்றி நூறு வரிகள் உண்டு. கடல்நீர் எத்தகையதாய் இருக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் இலாகா தனியே அளவுகோல் வகுத்திருப்பது உண்மையே. ஆனால் கடல் அவ்வளவுகோலைத் தாண்டிவிட்டால் எந்தக் குழாய் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று இவ்விரண்டையும் பிணைக்கும் வரியை நாம் காணவில்லை.

தண்டம் போதாது என்பார் சிலர். 2024ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டத்தின் உச்சத்தை ஒரு கோடி ரிங்கிட் வரை உயர்த்திவிட்டது. களவாகக் கொட்டுவோனுக்கு அது தக்க மருந்தே. கிம் கிம் ஆற்றின் பாடம் அது. ஆனால் விதியை மீறாதவனுக்குத் தண்டம் ஒரு கோடியானால் என்ன, நூறு கோடியானால் என்ன?

வேறு விதமாகவும் சட்டம் எழுத முடியும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. அந்நாட்டின் செத்தோ உள்நாட்டுக் கடலும் நம் நீரிணை போன்று தீவுகளுக்கிடையே அடைபட்டது. 1972ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே பாசி பூத்துக் கூண்டுகளில் இருந்த 1 கோடியே 40 லட்சம் மீன்கள் மாண்டன. மறு ஆண்டே அக்கடல் ஒன்றுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1978இல் அது நிலைபெற்றது. அதன் உயிர்நாடி ஒன்றே: முழுக் கடலுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று மொத்தச் சுமையைத் தீர்மானித்து, அதைக் கரையோர மாவட்டங்களுக்கும் ஆலைகளுக்கும் பங்கிட்டார்கள். 2001இல் நைட்ரஜனும் பாஸ்பரசும் அப்பங்கீட்டில் சேர்ந்தன. 1976இல் 299 முறை பூத்த பாசி, பின்னாளில் ஆண்டுக்கு நூறு முறை என்னும் அளவுக்கு இறங்கியது. நூறு என்பதும் குறைவன்றுதான்.

கதை அத்துடன் முடியவில்லை. இப்பகுதியை நாம் விரும்பியே சொல்கிறோம். சுமை குறையக் குறைய நீர் தெளிந்தது; தெளிந்த நீரில் கடற்பாசி பயிரிடுவோர் தங்கள் பயிர் வெளுத்துப் போவதாகவும், மீனவர் மீன் குறைவதாகவும் முறையிட்டனர். சர்க்கார் 2015இலும் 2021இலும் சட்டத்தைத் திருத்தியது. வேண்டுமிடத்தில் வேண்டுமளவு உணவைக் கடலுக்கு விடவும் மாவட்டங்களுக்கு வழி செய்தது. இதைக் காட்டி, பார்த்தீர்களா, சுத்தமும் கேடுதான் என்று நம் ஆலை முதலாளிகள் வாதிடக்கூடும். நாம் அதற்கு நேர்மாறான பொருளையே எடுக்கிறோம். கடலின் வயிற்றை அளந்து வந்தவர்கள் ஆகையால் அதிகம் ஊட்டியதும் அவர்களுக்குத் தெரிந்தது, குறைய ஊட்டியதும் தெரிந்தது. அளவாதவனுக்கு இரண்டும் தெரியாது. மேலும், அந்த அழுக்குக் காலத்தில் மாண்டுபோன சேற்று உயிர்களெல்லாம் சட்டம் திருந்தியதும் எழுந்து வந்துவிடவில்லை.

நம் நீரிணைக்கு ஒரு சங்கடம் அதிகம். அதன் நடுவே இரண்டு நாடுகளின் எல்லை ஓடுகிறது. வடகரை உரமும் தென்கரைச் சாக்கடைநீரும் அங்கே கடவுச்சீட்டின்றிக் கலக்கின்றன. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்த சுற்றுச்சூழல் கூட்டுக் குழு ஒன்று உண்டு. நீரை அளக்கிறார்கள், கூடிப் பேசுகிறார்கள். இந்த நீரிணையின் கிழக்குச் சந்து நாளொன்றுக்கு எவ்வளவு நைட்ரஜனைத் தாங்கும், அதில் யார் பங்கு எவ்வளவு என்னும் இரண்டு எண்களை அக்குழுவே தீர்மானித்து வெளியிட வேண்டும். வேறொருவரால் அது ஆகாது.

எண் வந்தால் வேலை போகும், தோட்டம் மூடும் என்று நம்மவர்களிடமே பயம் காட்டுவார்கள். 1978இல் செம்பனை ஆலைகளுக்கு விதி வந்தபோதும் இந்தப் பேச்சு எழக்கூடியதாகவே இருந்தது; அதன்பிறகு ஆலைகள் பெருகினவேயன்றிக் குறையவில்லை. உண்மையில் இழப்பவர் வேறு. மாசாய் ஆற்று முகத்தில், கோலா மாசாய் என்னும் சிற்றூரில், ஓராங் செலேத்தார் மக்கள் வாழ்கிறார்கள். எல்லை பிறப்பதற்கு முன்பே இந்நீரிணையில் படகிலே வாழ்ந்த ஆதிகுடிகள். மீனும் நண்டும் சிப்பியும் அவர்கள் சோறு. அவர்களிடம் ஆலையும் இல்லை, உரமூட்டையும் இல்லை. நீரிணைக்கு ஊட்டியவர்களின் பட்டியலில் கடைசியில் நிற்பவர்களும், பசித்தவர்களின் பட்டியலில் முதலில் நிற்பவர்களும் அவர்களே. அக்கூட்டுக் குழு அவர்களில் இருவரை அழைத்து எதிரே உட்கார வைத்து, எந்த ஆண்டில் எந்தச் சிப்பி எந்தச் சேற்றிலிருந்து மறைந்தது என்று கேட்டெழுதினால், எந்தக் கருவியும் பதியாத பல வருஷக் கணக்கு கிடைக்கும்.

தமிழ்ப் பக்கத்துக்குரிய வேலையும் ஒன்று மீந்திருக்கிறது. கழிவு என்னும் சொல்லை விட்டு, நம்மிடமிருந்து நீங்கிய பின்னும் எங்கோ ஒரு கணக்கில் நம் பெயரிலேயே நிற்கும் பொருள் என்று சுட்டக்கூடிய சொல் ஒன்று வேண்டும். நாம் இரண்டு மூன்றை எழுதிப் பார்த்து அடித்துவிட்டோம். ஒன்றும் வாயில் நிற்கவில்லை. லயத்திலோ கடைத்தெருவிலோ புழங்கும் சொல் எதுவும் வாசகர்களுக்குத் தோன்றினால் எழுதியனுப்பலாம். தக்கதை அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.